ஆலிஸ் டி லேசியின் நிலம்: கடத்தல், கல்யாணம், வாரிசுரிமை (விவாத இழை)

ஒரு வாசகரின் கேள்வி, 2023 நவம்பர் 3

இடைக்கால இங்கிலாந்தில் பெண்களுக்குச் சொத்தே கிடையாது, எல்லாம் மூத்த மகனுக்குத்தான், பிரபு வீட்டில் பிறந்தாலும் கல்யாணத்தோடு பெண்ணின் கணக்கு முடிந்தது என்று படித்தேன். சொத்துக்காகவே பெண்களைக் கடத்திக்கொண்டு போய்க் கல்யாணம் செய்தார்கள் என்று இன்னொரு இடத்தில் வருகிறது. எது சரி? சொத்தே இல்லாதவளை எவன் கடத்துவான்?

நவம்பர் 3, இரவு

இரண்டாவதுதான் சரி. முதலாவது பாதிதான் உண்மை. மகன் இருந்தால் மூத்தவனுக்கு எல்லாம் போகும், தம்பிகளுக்கே ஒன்றும் கிடைக்காது. மகன் இல்லாமல் மகள்கள் மட்டும் இருந்தால் அங்கே மூத்தவள் இளையவள் கிடையாது, எல்லாருக்கும் சமபங்கு. ஒரே மகள் என்றால் முழுச் சொத்தும் அவளுக்கு. சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் குறுக்கே வர முடியாது. 12ஆம் நூற்றாண்டிலேயே இது வழக்கமாகிவிட்டது.

உரிமை அவளுடையது, ஆட்சி அவளுடையதல்ல. கல்யாணம் ஆனால் நிலத்தை நடத்துவதும் வருமானத்தை எடுப்பதும் கணவன். அதனால்தான் யார் கணவன் என்பது அரசன் வரை போகிற விஷயமானது. உங்கள் கேள்விக்கு ஆலிஸ் டி லேசியின் வாழ்க்கையே பதில். நாளை எழுதுகிறேன்.

நவம்பர் 4

ஆலிஸ் 1281 கிறிஸ்துமஸ் அன்று வேல்ஸில் டென்பியில் பிறந்தவர். அப்பா ஹென்றி டி லேசி, லிங்கன் ஏர்ல் (ஏர்ல் என்பது பெரும் பிரபுப் பட்டம்), அரசன் முதலாம் எட்வர்டுக்கு மிக நெருக்கமானவர். அம்மா மார்கரெட் லாங்கெஸ்பே, தன் பிறப்புரிமையிலேயே சால்ஸ்பரி கவுண்டஸ், அதாவது ஏர்லுக்கு நிகரான பெண் பட்டம். அண்ணன் தம்பி இரண்டு பேர் சிறுவயதிலேயே போய்விட்டார்கள். ஒருவன் டென்பி கோட்டைக் கிணற்றில் விழுந்தான், இன்னொருவன் பொன்ட்டிஃப்ராக்ட் கோட்டை மேலிருந்து விழுந்தான் என்று சொல்லப்படுகிறது. அந்தச் சாவுகளோடு இந்தப் பெண் இங்கிலாந்தின் மிகப் பெரிய வாரிசுகளில் ஒருவர் ஆனார்.

1294 அக்டோபரில் கல்யாணம். ஆலிஸுக்கு 13 இன்னும் முடியவில்லை. மாப்பிள்ளை தாமஸ், அரசனின் தம்பி மகன், லங்காஸ்டர் வீட்டு வாரிசு. அவனுக்கும் பதினாறு வயது போலத்தான்.

கல்யாணத்தோடு எழுதப்பட்ட பத்திரத்தைக் கவனியுங்கள், எல்லாம் அதில்தான் இருக்கிறது. அப்பா தன் நிலங்களை அரசனிடம் ஒப்படைத்தார். அரசன் அவற்றை அவருக்கே ஆயுள் உரிமையாகத் திருப்பிக் கொடுத்தான். அவருக்குப் பிறகு தாமஸுக்கும் ஆலிஸுக்கும், அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கும். பிள்ளை இல்லாவிட்டால்? ஆலிஸின் வழி உறவினருக்கு இல்லை, லங்காஸ்டர் வீட்டுக்கு. அதாவது பன்னிரண்டு வயதுப் பெண் பலிபீடத்தின் முன் நிற்கும்போதே, அவளுக்குப் பிள்ளை பிறந்தாலும் பிறக்காவிட்டாலும் நிலம் எந்த வீட்டுக்குப் போகும் என்பது முடிந்துவிட்டது.

நவம்பர் 4, பின்னிரவு

கீழே ஒருவர் 'பன்னிரண்டு வயதா?' என்று கேட்டிருக்கிறார். ஆம். திருச்சபைச் சட்டப்படி பெண்ணுக்கு 12, ஆணுக்கு 14 வந்தால் சம்மதம் செல்லும். அதற்கு முன்பே நிச்சயம் செய்து வைப்பது பிரபு வீடுகளில் சாதாரணம். சம்மதம் என்ற சொல் சட்டத்தில் இருந்தது என்பதற்காக அந்தப் பிள்ளையிடம் யாரோ உட்கார்ந்து கேட்டார்கள் என்று நாம் கற்பனை செய்துகொள்ளக் கூடாது.

நவம்பர் 6

1311இல் அப்பா இறந்தார். அன்றோடு தாமஸ் கையில் ஐந்து ஏர்ல் பட்டங்கள்: அப்பா வழியாக வந்த லங்காஸ்டர், லெஸ்டர், டெர்பி, மனைவி வழியாக வந்த லிங்கன், சால்ஸ்பரி. ஆண்டு வருமானம் சுமார் 11,000 பவுண்ட். அரசனுக்கு அடுத்தபடியாக இங்கிலாந்தில் அவன்தான். இரண்டாம் எட்வர்டை எதிர்த்து அவன் பத்து வருடம் நின்றதற்கான பணபலத்தில் ஒரு பெரும் பகுதி ஆலிஸின் நிலம். பாடப் புத்தகங்களில் தாமஸுக்குப் பக்கம் பக்கமாக இடம் உண்டு. அந்த நிலம் யாரிடமிருந்து வந்தது என்று ஒரு வரி இருந்தால் அதிகம்.

பிள்ளைகள் இல்லை. கணவன் மனைவி பெரும்பாலும் தனித்தனியாக இருந்தார்கள். 1317 மே மாதம் ஆலிஸ் டார்செட்டில் கேன்ஃபர்ட் என்ற ஊரில் இருந்தபோது, சர்ரே ஏர்ல் ஜான் டி வாரனின் ஆட்கள் வந்து அவரைக் கொண்டுபோனார்கள்.

தாமஸ் என்ன செய்தான்? மனைவியை மீட்கப் படை அனுப்பவில்லை. யார்க்‌ஷயரில் வாரனுக்கு இருந்த சாண்டல், கோனிஸ்பரோ கோட்டைகளைப் பிடித்தான். கடைசியில் சமரசம் என்ற பெயரில் வாரனின் யார்க்‌ஷயர் நிலங்களையும் வட வேல்ஸ் நிலங்களையும் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்டான். ஆலிஸ் அவனிடம் திரும்பி வரவில்லை. அவன் கேட்டதாகவும் தெரியவில்லை. மனைவியை இழந்ததற்கு நிலமாக ஈடு வாங்கிய கணவன் என்று இதைப் படிக்காமல் வேறு எப்படிப் படிப்பது?

நவம்பர் 7

'அவளே விரும்பித்தானே போனாள்?' என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். வரலாற்றாசிரியர்களிலும் அப்படி நினைப்பவர்கள் உண்டு. ரிச்சர்ட் டி செயின்ட் மார்ட்டின் என்ற முடமான, கூன் விழுந்த ஒரு வீரன், கல்யாணத்துக்கு முன்பே ஆலிஸ் தன்னோடு இருந்தவள் என்று உரிமை கொண்டாடியதாக அந்தக் கால வரலாற்றுக் குறிப்பேட்டில் ஒரு கதை வருகிறது. கல்யாணத்தின்போது அவருக்குப் பன்னிரண்டு வயது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தக் கதையை ஒருமுறை திரும்பப் படியுங்கள். எழுதியவர்கள் துறவிகள், சம்பவத்தைப் பார்த்தவர்கள் அல்ல. ஆலிஸ் சொன்னதாக ஒரு சொல்லும் அதில் இல்லை.

இரண்டு வாய்ப்பும் இருக்கிறது. தன்னைப் பாராத கணவனை விட்டு வெளியேற வேறு வழியே இல்லாததால் கடத்தலுக்கு உடன்பட்டிருக்கலாம். அல்லது இரண்டு ஆண்களின் பகையில் பகடைக்காயாக இருந்திருக்கலாம். வாரனுக்குத் தன் மனைவியிடமிருந்து பிரிய ஆசை, அதற்குக் குறுக்கே நின்றவர்களில் தாமஸும் ஒருவன். நான் இரண்டாவதைத்தான் நம்புகிறேன். 1322இல் நடந்ததும் 1336இல் நடந்ததும் அந்தப் பக்கமே சாய்க்கின்றன.

நவம்பர் 9

1322 மார்ச் 16, பரோபிரிட்ஜ் போரில் அரசனின் படையிடம் தாமஸ் தோற்றான். 22ஆம் தேதி அவனுடைய சொந்தக் கோட்டையான பொன்ட்டிஃப்ராக்ட்டில் விசாரணை, அன்றே தலை போனது. அந்தக் கோட்டை லேசி வீட்டுக் கோட்டை என்பதையும் சொல்ல வேண்டும். ஆலிஸின் அப்பா வழிச் சொத்து அது.

துரோகியின் நிலம் அரசனுக்குப் போகும். மனைவி கொண்டுவந்த நிலம்? அது அவளுடைய பிறப்புரிமை, கணவன் தலையோடு போகக் கூடாது. ஐந்து வருடமாகக் கணவனோடு இல்லாதவர், அவனுடைய கலகத்தில் எந்தப் பங்கும் இல்லாதவர். ஆனாலும் ஆலிஸைப் பிடித்து யார்க்கில் அடைத்தார்கள். அப்பாவின் இரண்டாம் மனைவி ஜோன் மார்ட்டினையும் கூடவே. கணவனின் சாவுக்கு நீதான் காரணம், உயிரோடு எரித்துவிடுவோம் என்று, அரசனின் நெருங்கிய ஆட்களான டெஸ்பென்சர் அப்பாவும் மகனும் மிரட்டியதாகப் பதிவு இருக்கிறது. பயந்து கையெழுத்துப் போட்டார். டென்பி உள்பட நிலங்களில் பெரும்பகுதி போயிற்று. டென்பி மூத்த டெஸ்பென்சருக்கு. அது போதாதென்று 20,000 பவுண்டுக்கு ஒரு கடன் பத்திரம். ஐந்து ஏர்ல் பட்டம் வைத்திருந்த தாமஸுக்கே ஆண்டுக்கு 11,000தான் வந்தது. இந்தத் தொகையை யாராலும் கட்ட முடியாது. கட்டுவதற்காக எழுதியதல்ல அது, கழுத்தில் கயிறு கட்டி வைப்பதற்காக எழுதியது.

அப்புறம் லிங்கன்‌ஷயரில் கொஞ்சம் நிலமும், லிங்கன் கவுண்டஸ் என்ற பட்டமும் திரும்பக் கிடைத்தன. போலிங்புரோக் கோட்டை அவருடைய வீடானது.

நவம்பர் 10

போலிங்புரோக் பற்றிக் கேட்டதால்: நான் இருப்பது லிங்கன்‌ஷயரில், ஓய்வு நாளில் காரில் போய்வரக்கூடிய தூரம். பழைய போலிங்புரோக் சின்னக் கிராமம். கோட்டை இப்போது இடுப்பளவு, ஆளளவுச் சுவர்களாகத்தான் இருக்கிறது. ஆனால் அமைப்பு அப்படியே தெரியும்: ஆறு பக்கம், மூலைகளில் வெளியே புடைத்த கோபுரங்கள். கல் உள்ளூர்க் கல், பச்சை கலந்த நிறம், மழை நாளில் விரலால் தேய்த்தால் மணலாக உதிர்கிறது. 1220களில் செஸ்டர் ஏர்ல் ரனுல்ஃப் கட்டியது.

அங்கே வைத்திருக்கும் பலகையில் நான்காம் ஹென்றி பிறந்த இடம் என்பதுதான் பெரிதாக இருக்கும். கோட்டை கைமாறிய வரிசை எனக்கு அதைவிட முக்கியம். ரனுல்ஃபுக்குப் பிள்ளை இல்லை. லிங்கன் பட்டம் அவருடைய தங்கை ஹவீஸுக்கு, அவர் வழியாக மகள் மார்கரெட் டி குவின்ஸிக்கு. அந்த மார்கரெட்டைக் கட்டியதால்தான் ஜான் டி லேசி லிங்கன் ஏர்ல் ஆனார். அவருடைய பேரன் ஹென்றி, ஹென்றியின் மகள் ஆலிஸ். லேசி வீட்டு லிங்கன் சொத்து என்று நாம் சொல்வதே பெண்கள் கை வழியாக வந்தது. பெண்களுக்குச் சொத்தே கிடையாது என்பவர்கள் இந்த ஒரு கோட்டையின் வரலாற்றைப் பார்த்தால் போதும்.

நவம்பர் 12

இரண்டாவது கல்யாணம். 1324 நவம்பருக்குள் நடந்துவிட்டது. மாப்பிள்ளை யூபுலோ லெஸ்ட்ரேஞ்ச், ஷ்ராப்ஷயர் பக்கம் நாக்கின் ஊர்ப் பிரபுவின் இளைய மகன். தலைமகன் இல்லை, சொத்து இல்லை, பெரிய பேர் இல்லை. அரசனின் சித்தப்பா மருமகளாக இருந்தவர் இப்படி ஒருவரைக் கட்டினார் என்றால் அது அவரே தேர்ந்தெடுத்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எனக்கும் அதே எண்ணம். மனைவியின் லிங்கன் பட்டத்தை யூபுலோ தன் பேரோடு சேர்த்துக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் இது அபூர்வம். மூன்றாம் எட்வர்ட் காலத்தில் இழந்த நிலங்களில் சிலவற்றை மீட்டுக்கொடுத்தார். 1335 செப்டம்பரில் ஸ்காட்லாந்துப் போரில் இறந்தார். லிங்கனுக்குக் கிழக்கே பார்லிங்ஸ் மடத்தில் அடக்கம்.

பதினோரு வருடம். ஆலிஸின் அறுபத்தாறு வருட வாழ்க்கையில் அவர் நிம்மதியாக இருந்தார் என்று நம்ப இடமிருக்கும் ஒரே காலம் இது.

நவம்பர் 12, இரவு

யூபுலோவுக்கு ஆலிஸ் நிலத்தில் என்ன உரிமை என்று கேட்டவருக்கு: மனைவி உயிரோடு இருக்கும்வரை நிர்வாகம். மனைவி முந்திப் போனால் சட்டம் வேடிக்கையாக இருக்கும். இருவருக்கும் உயிரோடு ஒரு குழந்தை பிறந்திருந்தால், அது மறுநாளே இறந்துபோனாலும், கணவனுக்கு அவள் நிலம் முழுவதும் ஆயுள் உரிமை. பிறக்கவே இல்லை என்றால் அன்றே வெளியேற வேண்டும். குழந்தை உயிரோடு பிறந்ததற்குச் சாட்சி? நான்கு சுவருக்குள் அதன் அழுகை கேட்டிருக்க வேண்டும். பிரசவ அறைக்குள் ஆண்கள் போக முடியாது, அதனால் வெளியே நின்று அழுகையைக் கேட்டவர்கள் சாட்சி சொல்வார்கள். ஆயிரக்கணக்கான ஏக்கர் ஒரு சிசுவின் ஒரு குரலில் தொங்கியது.

விதவைக்கு இப்படி நிபந்தனை இல்லை. கணவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆயுள்வரை அவளுக்கு, பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆனால் முழுவதுக்கும் மூன்றில் ஒன்றுக்கும் உள்ள வித்தியாசத்தையும் பாருங்கள்.

நவம்பர் 15

எழுதத் தயங்கிய பகுதி. யூபுலோ இறந்ததும் ஆலிஸ் இனிக் கல்யாணம் இல்லை என்று ஆயர் முன்னால் கற்பு விரதம் எடுத்தார். மோதிரமும் போர்வையும் வாங்கிக்கொண்டு எடுக்கும் விரதம் அது. கன்னியாஸ்திரீ ஆவதல்ல. மடத்துக்குப் போக வேண்டாம், நிலத்தை விட வேண்டாம், வீட்டிலேயே இருக்கலாம். யாரும் உன்னைக் கட்ட முடியாது என்று திருச்சபையின் முத்திரை. சொத்துள்ள விதவைகள் இதை ஒரு கேடயமாகவே எடுத்தார்கள்.

கேடயம் சில மாதம்கூட நிற்கவில்லை. 1336 தொடக்கத்தில் ஹ்யூ டி ஃப்ரேன் என்ற வீரன் ஆட்களோடு போலிங்புரோக் கோட்டைக்குள் புகுந்து ஆலிஸைத் தூக்கிக்கொண்டு போய் வல்லுறவு செய்து, மனைவி என்றான். அவருக்கு வயது 54. பிள்ளை பெறும் வயது தாண்டியாயிற்று, அவனுக்கு வாரிசு நோக்கம் இருக்க முடியாது. அவர் உயிரோடு இருக்கும்வரை வருகிற வருமானம்தான் நோக்கம்.

மூன்றாம் எட்வர்டுக்குக் கோபம். எதற்குக் கோபம்? அனுமதி இல்லாமல் நடந்த கல்யாணம் என்று. இருவரையும் பிடிக்க உத்தரவு. கடத்தியவனையும் கடத்தப்பட்டவரையும் ஒரே வரியில் சேர்த்து. பிறகு சமரசமாகி, ஃப்ரேன் நாடாளுமன்றத்துக்கே அழைக்கப்பட்டான். ஒரு வருடத்துக்குள் ஸ்காட்லாந்தில் இறந்தான். அதற்குப் பிறகு போப்பிடமிருந்து வந்த உத்தரவு, ஆலிஸ் தன் விரதத்தைக் காப்பாற்றும்படி லிங்கன் ஆயர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது. விரதத்தை உடைத்தவராக அவரையே வைத்துப் பேசும் கடிதம் அது.

இது முடிந்த கொஞ்ச காலத்திலேயே யூபுலோவின் அண்ணன் மகன் ரோஜர் லெஸ்ட்ரேஞ்ச் ஆட்களோடு வந்து அதே கோட்டைக்குள் புகுந்தார். மீட்ட நிலங்களில் சிலவற்றை அரசன் யூபுலோவின் வாரிசுகளுக்குப் போகும்படி எழுதியிருந்தான், அந்த வாரிசு தான்தான் என்பது அவருடைய வாதம். லேசி வீட்டு மண், அந்த வீட்டின் கடைசிப் பெண் உயிரோடு இருக்கும்போதே.

நவம்பர் 16

'மாக்னா கார்ட்டாவில் விதவைகளுக்குப் பாதுகாப்பு இருந்ததே' என்று ஒரு நண்பர். இருந்தது. 1215 சாசனத்தில் 7, 8ஆம் பிரிவுகள். கணவன் இறந்ததும் அவள் பங்கையும் பிறப்புரிமையையும் காசு கேட்காமல் உடனே கொடுக்க வேண்டும், நாற்பது நாள் கணவன் வீட்டில் இருக்கலாம், விருப்பமில்லாத விதவையை மறுமணத்துக்கு வற்புறுத்தக் கூடாது. ஆனால் அரசனின் அனுமதியின்றிக் கட்டமாட்டேன் என்று உத்தரவாதமும் கொடுக்க வேண்டும். வற்புறுத்தக் கூடாது என்று அரசனைத் தடுத்த சட்டம், சுவர் ஏறி வருகிற அயலானைத் தடுக்கும் வழி எதையும் கொடுக்கவில்லை. வந்தவன் மேல் வழக்குப் போடலாம். ஆனால் வந்தவன் கணவன் ஆகிவிட்டால், அவள் வழக்குப் போட அவனே கூட வர வேண்டும்.

இந்தப் பிரிவுகள் எதற்காக வந்தன என்று தெரிய 1185 பதிவேட்டைப் பாருங்கள். அரசன் பொறுப்பில் இருந்த விதவைகள், அநாதைப் பிள்ளைகள் பட்டியல், பன்னிரண்டு கவுன்டிகளுக்கு இருக்கிறது. இன்னாரின் விதவை, வயது இவ்வளவு, பிள்ளைகள் இத்தனை, நிலத்தின் ஆண்டு வருமானம் இவ்வளவு. இன்னும் இத்தனை ஆடும் இத்தனை எருதும் விட்டால் வருமானம் இவ்வளவு ஏறும் என்றும் எழுதியிருப்பார்கள். பெண்ணின் வயதும் ஆட்டின் எண்ணிக்கையும் ஒரே பத்தியில். முதன்முதலில் படித்த அன்று மேலே படிக்க மனம் வரவில்லை.

நவம்பர் 19

ஸ்த்ரீதனத்தோடு ஒப்பிட்டு எழுதும்படி கேட்கிறீர்கள். வேண்டாம், அது வேறு நிலம், வேறு சட்டம். இரண்டையும் ஒரே பத்தியில் அடைத்தால் இரண்டுக்கும் நியாயமாக இருக்காது. அதே காலத்து இங்கிலாந்திலேயே ஒப்பிட ஆள் இருக்கிறார்கள்.

1314 ஜூனில் பானக்பர்ன் போரில் க்ளோஸ்டர் ஏர்ல் கில்பர்ட் டி க்ளேர் 23 வயதில் இறந்தார். மகன் இல்லை. மூன்று சகோதரிகள்: எலினோர், மார்கரெட், எலிசபெத். சமபங்கு. ஆனால் அவருடைய மனைவி மாட் தான் கர்ப்பம் என்றார். குழந்தை பிறந்தால் சகோதரிகளுக்கு ஒன்றுமில்லை, எனவே பாகப்பிரிவினை நிற்க வேண்டும். 1315 போயிற்று, 1316 போயிற்று. 1317 கடைசியில்தான் பிரித்தார்கள். எலினோரின் கணவன் இளைய டெஸ்பென்சர் பொறுமை இழந்து மனு மேல் மனு போட்டான். கர்ப்பத்துக்கு எத்தனை மாதம் என்பது அரசவையில் இருந்த எல்லாருக்கும் தெரியும், ஆனால் ஒரு விதவையின் வார்த்தையை நேராக மறுக்க ஒருவரும் முன்வரவில்லை. மாட் இதை ஏன் செய்தார் என்பதை ஊகிக்கலாம். என் கண்ணுக்கு இது சட்டம் விட்ட ஒரே சந்தில் தன் கையை நுழைத்த பெண். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

இளையவர் எலிசபெத் டி பர்க். 1316இல் பிரிஸ்டல் கோட்டையிலிருந்து தியோபால்ட் டி வெர்டன் அவரைக் கொண்டுபோய்க் கட்டினார், ஆறே மாதத்தில் இறந்தார். அடுத்து அரசன் தன் ஆளான ரோஜர் டாமரியைக் கட்டச் செய்தான். டாமரியும் 1322 கலகத்தில் இறந்தார். ஏற்கெனவே இறந்திருந்த முதல் கணவர் ஜான் டி பர்க்கையும் சேர்த்தால், 26 வயதுக்குள் மூன்று முறை விதவை. பிறகு இளைய டெஸ்பென்சர் அவருடைய உஸ்க் நிலத்தைப் பிடுங்கி, அதில் பாதிகூடப் பெறாத கவர் என்ற வேல்ஸ் நிலத்தைக் கொடுத்தான், அப்புறம் அதையும் பறித்தான். 1326இல் எலிசபெத் ரகசியமாக ஓர் ஆவணம் எழுதி வைத்தார்: இவற்றையெல்லாம் என் விருப்பப்படி எழுதிக் கொடுக்கவில்லை, பயமுறுத்தி வாங்கினார்கள் என்று. அடுத்த வருடம் ஆட்சி மாறி உஸ்க் திரும்பி வந்தது. பிறகு 1360 வரை விதவையாகவே இருந்து, தன் நிலத்தைத் தானே ஆண்டார். கேம்பிரிட்ஜின் க்ளேர் கல்லூரி அவர் பணத்தில் எழுந்தது.

நவம்பர் 20

ஒருவருக்கு விடிந்தது, இன்னொருவருக்கு ஏன் விடியவில்லை என்று நேற்று முழுவதும் யோசித்தேன். எலிசபெத் முதலாம் எட்வர்டின் பேத்தி, பிள்ளைகள் இருந்தார்கள், அவருடைய நிலம் அந்தப் பிள்ளைகளுக்குப் போக வேண்டியது, அதனால் அவரைக் காப்பதில் பலருக்கு அக்கறை. ஆலிஸுக்குப் பின்னால் யாரும் இல்லை. அவர் நிலம் லங்காஸ்டருக்கு என்று 1294லேயே எழுதியாயிற்று. அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்க ஒருவருக்கும் நிலத்தால் காரணம் இல்லை. சீக்கிரம் போனால் நல்லது என்று காத்திருந்தவர்கள்தான் அதிகம்.

அதனால் இப்போது எனக்குத் தாமஸைவிட அப்பா மேல்தான் கோபம் வருகிறது. ஹென்றி டி லேசி கெட்டவர் அல்ல. இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவர், மகளை அரச குடும்பத்தில் கொடுத்தால் பாதுகாப்பு என்று நினைத்திருப்பார். ஆனால் மகளுக்குப் பிள்ளை பிறக்காமல் போனால் அவள் கதி என்ன என்று அந்தப் பத்திரத்தில் ஒரு வரிகூட இல்லை.

நவம்பர் 21

சின்ன விலகல். இந்த ஹென்றி டி லேசிக்கு லண்டன் ஹோல்பர்னில் ஒரு வீடும் தோட்டமும் இருந்தன. 1295-96 வரவு செலவுக் கணக்கு இன்றும் இருக்கிறது. ஆப்பிள், பேரிக்காய், வாதுமை வகைக் கொட்டைகள், செர்ரி விற்று வந்த பணம் 9 பவுண்டுக்கு மேல். வீட்டுக்குப் போக மிஞ்சியதை விற்றிருக்கிறார்கள். மகள் கல்யாணத்துக்கு மறுவருடக் கணக்கு. இந்தக் கணக்கை ஒரு நண்பர் காட்டியபோது, பட்டமும் போருமாகவே தெரிந்த அந்த வீட்டில் பழம் பறித்தவர்களும் கூடை சுமந்தவர்களும் இருந்தார்கள் என்பது முதல்முறையாக உறைத்தது.

நவம்பர் 24

இது இடைக்காலத்தின் தொடக்கத்தில்தான், 15ஆம் நூற்றாண்டில் மாறியிருக்கும் என்று சொன்னவருக்கு: ஆன் பியோச்சம்ப், வார்விக் கவுண்டஸ். பெரும் நிலம் அவருடைய பிறப்புரிமை. கணவர் 1471இல் பார்னெட் போரில் இறந்தார். இரண்டு மகள்களையும் கட்டியவர்கள் அரசனின் இரண்டு தம்பிகள். மாமியார் இறக்கும்வரை காத்திருக்க இருவருக்கும் மனமில்லை. 1474இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது: கவுண்டஸ் இயற்கையாக இறந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு நிலத்தைப் பிரிக்கலாம் என்று. அவர் உயிரோடு இருந்தார், தன் கையாலேயே மனு எழுதிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் வாழ்ந்தார். 1487இல் ஏழாம் ஹென்றி நிலத்தைத் திருப்பிக் கொடுத்ததுகூட, அவரிடமிருந்து அதைத் தன் பேருக்கே எழுதி வாங்கிக்கொள்வதற்காகத்தான்.

ஆன் மோபிரேயையும் சொல்லிவிடுகிறேன். 1478இல் ஐந்து வயதில் அரசனின் நாலு வயது மகனோடு கல்யாணம். எட்டு வயதில் இறந்தாள். அவள் நிலம் உறவினருக்குப் போகாமல் சிறுவன் கையிலேயே இருக்கும்படி நாடாளுமன்றச் சட்டம் வந்தது. 1964இல் லண்டன் ஸ்டெப்னியில் மண் தோண்டியவர்கள் அவளுடைய ஈயப் பெட்டியைக் கண்டெடுத்தார்கள்.

நவம்பர் 28

பார்லிங்ஸுக்குப் போய் வந்தேன், இழையில் கேட்டிருந்தீர்கள். மடத்தின் தேவாலயச் சுவரில் உயரமாக ஒரு துண்டு மட்டும் வயல் நடுவில் நிற்கிறது. 1536 லிங்கன்‌ஷயர்க் கலகத்துக்குப் பிறகு மடாதிபதியைத் தூக்கிலிட்டு மடத்தை இடித்தார்கள். ஆலிஸ் 1348 அக்டோபர் 2 அன்று இறந்து, யூபுலோவுக்குப் பக்கத்தில் இங்கே அடக்கமானார். கல்லறை எதுவும் இல்லை. அவர் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது எனக்கு முக்கியம். முதல் கணவன் தாமஸைப் பொன்ட்டிஃப்ராக்ட்டில் மக்கள் புனிதனாகவே கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவனுக்குப் பக்கத்தில் கிடப்பதுதான் கௌரவம் என்று அந்தக் காலம் நினைத்திருக்கும். அவர் இளைய மகன் யூபுலோவிடம் போனார்.

டிசம்பர் 2

'கடைசியில் நிலம் என்ன ஆனது?' பெரும்பாலும் 1294 பத்திரத்தில் எழுதியபடியே ஆனது. தாமஸின் தம்பி மகன் க்ரோஸ்மான்ட் ஹென்றிக்கு. 1349 ஆகஸ்டில் அவரையே லிங்கன் ஏர்ல் ஆக்கினார்கள். அவருக்கும் மகன் இல்லை, மாட், பிளான்ச் என்று இரண்டு மகள்கள். 1361இல் அப்பா இறந்து இருவருக்கும் பிரித்தார்கள், அடுத்த வருடமே மாட் பிள்ளையில்லாமல் இறக்க, எல்லாம் பிளான்ச்சுக்கு. பிளான்ச்சைக் கட்டியவர் மூன்றாம் எட்வர்டின் மகன் ஜான் ஆஃப் கான்ட். அவர்கள் மகன் போலிங்புரோக்கில் 1367இல் பிறந்து, 1399இல் நான்காம் ஹென்றியாக முடிசூடி, லங்காஸ்டர் நிலத்தை மகுடச் சொத்தோடு கலக்காமல் தனியாக வைத்தான். அந்த லங்காஸ்டர் டச்சி (லங்காஸ்டர் நிலத் தொகுதியின் பெயர்) இன்றும் அரசரின் தனிச் சொத்து. பொன்ட்டிஃப்ராக்ட் கோட்டை இப்போதும் அதில்தான் இருக்கிறது.